பழைய பார் சைக்கிள் வாங்கி ஓட வைப்பது: பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் இருந்துகொண்டு பழைய பார் சைக்கிள் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட்ட நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பளபளவென்று ஆக்கி ஹாலில் நிறுத்தி வைக்க நினைப்பவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

"பழைய சைக்கிள்" என்றால் எதைச் சொல்கிறீர்கள்?

28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்குவது), கறுப்போ கரும்பச்சையோ நிறம், ஏறக்குறைய 20 கிலோ எடை உள்ள சைக்கிள்களை. இங்கிலாந்திலிருந்து வந்த ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஒரு கூட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே செய்தவை இன்னொரு கூட்டம்: ஆசன்சோலில் சென்-ராலே, 1949-ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோவும் ஏவனும்.

முதன்முறையாக இறங்குபவர்கள் இரண்டாவது கூட்டத்திலிருந்து ஒன்றை எடுப்பதே நல்லது. சாமான் கிடைக்கும், விலையும் தலைக்கு மேல் போகாது. சீமைச் சைக்கிள் மோகம் அப்புறம் தானாக வரும்.

பெங்களூரில் எங்கே தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் கூடும் பழைய பொருள் சந்தையில் எப்போதாவது ஒன்று தென்படும். பெரும்பாலும் முழுச் சைக்கிளாக இருக்காது. மணி, டைனமோ, முன்விளக்கு, சீட்டு என்று உதிரியாகத்தான் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு போனால் அதுவும் இருக்காது. சிவாஜிநகர் குஜிரிக் கடைகளிலும் (பழைய இரும்புக் கடைகள்) சொல்லி வைக்கலாம். ஆனால் அங்கே சரக்கு எடை போட்டு வருவது. ஃபிரேமை வெட்டுவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

நல்ல சைக்கிள்கள் சந்தைக்கு வருவதே இல்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. என்று பொதுத்துறை ஆலைகளுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போன தலைமுறை அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் மாதிரி இடங்களில் இன்னும் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர்களுடைய வண்டி கிடக்கலாம். அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரிடமும் மூலைச் சைக்கிள் கடைக்காரரிடமும் கேட்டால் எந்த வீட்டில் என்று சொல்வார்கள். பெரியவரிடம் போய் எடுத்ததும் "எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்காதீர்கள். "ஐயா, இது எப்ப வாங்கின வண்டி?" என்று தொடங்குங்கள். விலை பேச்சின் கடைசியில் வரும். சில சமயம் வராமலும் போகும். அவர் கொடுக்க மனமில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஊரில் தாத்தாவின் சைக்கிள் இருக்கிறது. கொண்டுவர வழி என்ன?

அதைவிட நல்ல சைக்கிள் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. சேலம், ஈரோடு, வேலூர் பக்கம் என்றால் லாரி பார்சல் சர்வீஸில் போடலாம். ரயில் பார்சலும் உண்டு. அனுப்பும்முன் ஹேண்டிலைத் திருப்பி, பெடல்களைக் கழற்றி, ஃபிரேமைச் சாக்கால் சுற்றச் சொல்லுங்கள். மணி, விளக்கு, டைனமோ எல்லாவற்றையும் கையில் கொண்டு வந்துவிடுங்கள். இங்கே வந்து சேர்ந்ததும் மெட்ரோவில் ஏற்ற விடமாட்டார்கள், கூட்ஸ் ஆட்டோதான்.

ஹேண்டில் கழுத்திலோ மட்கார்டிலோ சின்னத் தகர வில்லை இருந்தால் கழற்றி எறிந்துவிடாதீர்கள். சைக்கிளுக்கு வரி கட்டிய காலத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் கொடுத்த வில்லை அது. வருஷம் பொறித்திருக்கும். அந்த வருஷத்தில் வண்டி ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

என்ன விலை கொடுக்கலாம்?

புதுப் பார் சைக்கிள் ஒன்றின் இன்றைய விலையை முதலில் கடையில் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தயாரிப்பு, ஓடாத நிலை என்றால் அதில் பாதிக்கு மேல் போகத் தேவையில்லை. டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை, பால்ஸ் (பேரிங் குண்டுகள்) எல்லாம் எப்படியும் மாற்றப் போகிறீர்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். "ஆன்டிக் சார், கிடைக்காது" என்ற வார்த்தை வந்ததும் விலை இரண்டு மடங்கு ஏறும். மூன்று கியர் ஹப் (கியர் உள்ளேயே அடங்கிய சக்கர நடுப்பகுதி), அசல் தோல் சீட்டு, முழுச் செயின் கவர் இந்த மூன்றும் இருந்தால் மட்டும் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஃபிரேம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். முன்னால் எதிலாவது மோதிய வண்டி என்றால் ஹேண்டில் கழுத்துக்குச் சற்றுப் பின்னால், மேல் பாரின் அடியிலும் கீழ்ச் சாய்வுக் குழாயின் அடியிலும் பெயின்ட் சுருங்கி அலை மாதிரி நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் தடவினால் தெரியும். அப்படி இருந்தால் பேரமே பேச வேண்டாம்.

பிறகு பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். மேலே நேராக வந்து கீழே முன்பக்கமாக வளைய வேண்டும். நடுவில் பின்னுக்கு ஒடுங்கியிருந்தால் அது அடிபட்ட ஃபோர்க்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர அச்சு உட்காரும் வலப்பக்கக் காதில் நூலைக் கட்டி, கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, இடப்பக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இருக்கும் தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் ஓட்டும்போது தெரியாது. ஒரு விரல் அகலம் என்றால் கையை விட்டு ஓட்டவே முடியாது. விற்பவர் முன்னால் நூலை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

அடுத்து சீட்டுத் தண்டும் ஹேண்டில் தண்டும் அசைகிறதா பாருங்கள். பல வருஷம் மழையில் கிடந்த வண்டியில் இரண்டும் துருவில் இறுகிப்போயிருக்கும். எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் காத்திருந்தால் பெரும்பாலும் வரும். உயரம் உங்களுக்குச் சரியாக இல்லாவிட்டால் அதுவரை ஓட்ட முடியாது, அவ்வளவுதான். ரிம்மின் உட்பக்கம் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் ரிம் செலவும் சேரும். செயின் கவர், மட்கார்டு, பிரேக் கம்பிகள் முழுசாக இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். இந்தியக் கம்பெனி வண்டிக்கு இவை கிடைத்துவிடும். சீமை வண்டிக்கு அசலைத் தேடி அலைய வேண்டும்.

டயர் வெடித்திருப்பது, செயின் துருப்பிடித்திருப்பது, சீட்டு கிழிந்திருப்பது எல்லாம் பேரத்துக்கு உதவும் குறைகள். அவற்றுக்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ராலே என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த வருஷம் என்று?

முன்பக்கப் பட்டயத்தை நம்பாதீர்கள். பட்டயமும் ஸ்டிக்கரும் புதிதாகவே கிடைக்கின்றன. பெடல் சுழலும் பெரிய பல் சக்கரத்தைப் பாருங்கள். ராலேயில் நாரைத் தலைகள் வெட்டியிருக்கும், ரட்ஜில் விரித்த கை, பி.எஸ்.ஏ.வில் அந்த மூன்று எழுத்துகளே. ஹம்பரின் முன் ஃபோர்க் பக்கத்துக்கு இரண்டு குழாயாக இருக்கும். அதை யாரும் சுலபத்தில் போலி செய்ய முடியாது.

வருஷத்துக்கு, ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் உடம்பில் மாடல் எழுத்தோடு இரண்டு இலக்க எண் ஒன்று அடித்திருக்கும். 62 என்றால் 1962. ஆனால் அது ஹப்பின் வயசு; சக்கரம் மாற்றியிருந்தால் வண்டியின் வயசு வேறு. ஃபிரேம் எண்ணை வைத்து வருஷம் சொல்பவர்களிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

திருட்டு வண்டியாக இருந்தால்?

ஒரு வெள்ளைத்தாளில் விற்பவர் பெயர், ஃபிரேம் எண், தேதி, தொகை, கையெழுத்து. கூடவே அடையாள அட்டையின் நகல். தர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

வாங்கியாயிற்று. எங்கே தொடங்குவது?

துடைக்கவும் தேய்க்கவும் கை பரபரக்கும். அதை ஒத்திப்போடுங்கள். முதல் வேலை ஓவராயில்: ஹப் இரண்டு, பெடல் நடுவில் உள்ள பி.பி. (கிராங்க் அச்சு சுழலும் இடம்), ஹேண்டில் கழுத்து, பெடல்கள். எல்லாவற்றையும் பிரித்து, பழைய கிரீஸை வழித்து, பால்ஸ் மாற்றிப் பூட்ட வேண்டும். பிரிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம், எந்த வரிசை என்பதெல்லாம் அடுத்த வாரம் நினைவிருக்காது.

கழுவ மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது பெரும்பாடு, டீசல் போதும். இறுகிய நட்டுகளில் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் மரை தலைகீழ்: இடப்பக்கப் பெடலும், பி.பி.யின் வலப்பக்கக் கப்பும் (பால்ஸ் உட்காரும் கிண்ணம்). இவை கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலப்பக்கக் கப்பை அவசியம் இல்லாமல் தொடவே வேண்டாம். அது இருந்த இடத்திலேயே துடைத்துக் கிரீஸ் வைக்கலாம்.

காட்டர் பின் வரவே மாட்டேன் என்கிறது.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு இறுக்கும் சின்ன ஆப்புதான் காட்டர் பின். நட்டைக் கழற்றிவிட்டு மரையின் மேல் நேராகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் நுனி காளான் மாதிரி விரிந்துவிடும். அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முந்தின நாள் எண்ணெய் விடுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல், மரையின் நுனியோடு சமமாக வரும் வரை தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே இறங்க இடம் விட்டு, ஒரு இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். இந்த முட்டு இல்லாவிட்டால் அடியின் வேகம் முழுவதும் பால்ஸுக்கும் கப்புக்கும் போய்விடும், பின் அசையாது. பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி, தைரியமாக. சின்னச் சின்னதாகப் பத்துத் தட்டுத் தட்டுவதைவிட ஒரு நல்ல அடி மேல்.

புதுப் பின் போடும்போது அதன் சரிவுப் பக்கத்தை அரத்தால் ராவிப் பொருத்த வேண்டியிருக்கும். இரண்டு பின்களும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் பெடல்கள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி தட்டி நட்டை இறுக்குங்கள். முதல் நாள் இறுக்கம் நிலைக்காது.

பால்ஸ் என்ன அளவு?

பின் ஹப்புக்கும் பி.பி.க்கும் கால் அங்குலம். முன் ஹப்புக்கு 3/16. கழுத்துக்குப் பெரும்பாலும் 5/32. பழசில் இரண்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள். எஸ்.ஜே.பி. ரோடு பக்கத்து பேரிங் கடைகளில் நல்ல தரத்தில் கிடைக்கும். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். கொஞ்சம் பெரிதாக இருக்கும் புதுப் பால்ஸே எல்லா பாரத்தையும் தாங்கி, அது உருளும் கூம்பு வடிவக் கோனைக் குழி விழ வைக்கும்.

கோனைப் பூட்டும்போது சக்கரம் சுற்றவும் வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. இதைச் சொல்லித் தர முடியாது, கைக்குப் பழக வேண்டியதுதான்.

இங்கிலாந்து ராலே வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் பி.பி. கப்பிலும் கழுத்துக் கப்பிலும் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற வண்டிகளில் பொதுவாக 24. கடைக்காரர் "எல்லாம் ஒன்னுதான் சார்" என்று வலுவாகத் திருகினால் ஃபிரேமின் மரை போய்விடும். பழைய கப்பு ஓரளவு நன்றாக இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் கிடைக்குமா?

28 x 1½ எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். டயர் ஓரத்தில் 635 என்று (ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில்) இருக்கிறதா பாருங்கள். 26 அங்குலம் என்றால்தான் குழப்பம்: 26 x 1⅜ என்பது 590, மலைச் சைக்கிளின் 26 என்பது 559. இரண்டும் "இருபத்தாறு"தான், ஒன்று மற்றதில் ஏறாது.

சக்கரம் கோட்டமாக இருக்கிறது. நானே எடுக்கலாமா?

முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி இருக்கும். கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, கால் சுற்று, அரைச் சுற்றாகப் பொறுமையாகத் திருப்பினால் சின்னக் கோட்டத்தை நீங்களே எடுக்கலாம். நிறைய கம்பி உடைந்திருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் கம்பி பிரேக் வண்டியில் ஒரு விஷயம் வேறு மாதிரி. சாதாரண சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வும். இதில் ரிம்மின் உட்புறத்தை அச்சுப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அழுத்தும். அதனால் இடவலக் கோட்டத்தைவிட மேலும் கீழும் குதிக்கும் கோட்டமே இங்கே பெரிய எதிரி. கடைக்காரரிடம் "ரவுண்டு சரியா வரணும்" என்று தனியாகச் சொல்லுங்கள்.

இந்தக் கம்பி பிரேக் நிற்குமா?

காய்ந்த ரோட்டில் நிற்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் முதலில் தண்ணீரைத் துடைக்கவே ஒரு சுற்று ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். பெங்களூர் மழையையும் சரிவுகளையும் நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

செய்ய வேண்டியது: புது ரப்பர் கட்டை, கட்டைக்கும் ரிம்முக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, கம்பிகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய், தளர்ந்த கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்குவது. பிரேக்கில் சொதசொதப்பு இருந்தால் தேய்ந்த மூட்டுகளே காரணமாக இருக்கும், கட்டை இல்லை. ரிம்மில் எண்ணெயோ மெழுகோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இதை டிஸ்க் பிரேக் என்று நினைத்து ஓட்டாதீர்கள். மழை நாளில் வீட்டில் விட்டுவிடுவதே என் வழக்கம்.

மூன்று கியர் ஹப் நழுவுகிறது. உள்ளே கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கேபிள் நீளம் தப்பியிருக்கும். ஸ்டர்மி-ஆர்ச்சரில் பரவலாக வந்த ஏ.டபிள்யூ. மாடல் ஹப்பில் கியரை இரண்டில் வைத்து, வலப்பக்க நீள நட்டில் உள்ள ஓட்டை வழியாகப் பாருங்கள். உள்ளே கேபிளின் குட்டிச் செயினோடு சேர்ந்த கம்பியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். முன்னே பின்னே இருந்தால் கேபிள் திருகால் சரிசெய்யுங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் சேராத ஒரு நிலை இந்த ஹப்பில் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் விழுந்தால் கால் சட்டென்று வெறுமையில் இறங்கி அடிபடும். ஆகவே சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள். ஹப்பின் எண்ணெய்த் துளையில் அவ்வப்போது சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசினாகிப்போன ஹப்புகளைப் பார்த்தால் கண்ணீர் வரும்.

பெயின்ட் அடிக்கலாமா? பவுடர் கோட்டிங்?

அசல் பெயின்ட் பாதியாவது இருந்தால் வேண்டாம். பவுடர் கோட்டிங்குக்கு முன் மணலோ இரும்புத் துகளோ அடித்து எல்லாவற்றையும் உரித்துவிடுவார்கள். கையால் இழுத்த தங்கக் கோடுகள், கம்பெனி எழுத்து எல்லாம் அதோடு போய்விடும். ஃபிரேம் எண்ணும் தடித்த பூச்சில் மங்கும். திரும்ப வராது. வெறும் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, மென்மையான துணி, கடைசியில் கார் மெழுகு. இவ்வளவு செய்தாலே பல வண்டிகளில் உள்ளிருந்து கறுப்பு நிறம் எழுந்து வரும். பெயின்ட் போய்த் துரு தெரியும் இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் கறுப்பு எனாமலும் சின்ன பிரஷால் தொட்டு வையுங்கள். ஏற்கெனவே யாரோ வீட்டுக் கதவுக்கு அடித்த மிச்ச நீலத்தைப் பூசியிருந்தால் அது வேறு. அப்போது தாராளமாக உரியுங்கள்.

குரோம் மேல் துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் போதும். சின்னச் சாமான்களை ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலில் ஊறவைக்கலாம். அது விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகளும் நாயும் வராத இடமாகப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குப் புதுக் குரோம் போட பீன்யாவில் பட்டறைகள் உண்டு. ஒன்றிரண்டு சாமானை எடுத்துக்கொள்ள எல்லோரும் சம்மதிக்கமாட்டார்கள். பித்தளைப் பட்டயத்தை அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தருவதாகச் சொன்னால் அன்பாக மறுத்துவிடுங்கள். எழுத்துகளில் இருக்கும் வண்ணம் போய்விடும்.

தோல் சீட்டு காய்ந்து விறைத்திருக்கிறது.

கிழியாமல் இருந்தால் பிழைக்கும். தேன்மெழுகு கலந்த தோல் பூச்சை மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் விட்டு மறுபடி தடவுங்கள். எண்ணெயில் ஊற வைத்தால் தோல் தொய்ந்து தொட்டிலாகிவிடும். மூக்குக்கு அடியில் உள்ள இழுப்பு போல்ட்டைக் காய்ந்த நிலையில் திருப்பாதீர்கள், பிளந்துவிடும்.

டைனமோ எரியவில்லை.

பல்பு, ஒயர், ஃபிரேமோடு சேரும் எர்த் திருகுக்கு அடியில் பெயின்ட். இந்த வரிசையில் பாருங்கள். பல்பு 6 வோல்ட். எரிந்தாலும் நின்ற இடத்தில் அணைந்துவிடும் என்பதால், சிக்னலில் பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரிய பேட்டரி சிவப்பு விளக்கு ஒன்றையும் மாட்டுங்கள்.

இந்த வேலை தெரிந்த மெக்கானிக் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பெரிய ஷோரூமில் இல்லை. மரத்தடியில் பஞ்சர் ஒட்டும் வயதானவர்களிடம் கேளுங்கள். "அண்ணா, காட்டர் பின் போடுவீங்களா?" என்ற ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். அவசரப்படுத்தாதீர்கள், சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மட்டும் வண்டியைக் கொடுக்க வேண்டாம். ஊரில் உள்ள எல்லாச் சைக்கிளும் அன்றைக்குக் கழுவிப் பொட்டு வைக்க அங்கேதான் நிற்கும்.

பெங்களூர் மேட்டில் இதை மிதிக்க முடியுமா?

மல்லேஸ்வரம் மேட்டில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும், அதில் வெட்கம் இல்லை. ஒற்றை கியர் வண்டியில் பின்னால் 18 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல் சக்கரம்) இருந்தால் 20 அல்லது 22 பல்லுக்கு மாற்றிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், மேடு வெகுவாகத் தணியும். செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம். செயினையும் அப்போதே அளந்துவிடுங்கள்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கப்பன் பூங்கா சரியான இடம். அன்று மோட்டார் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. ஒரு ஸ்பேனரும் சின்னச் சுத்தியலும் பையில் இருக்கட்டும். காட்டர் பின் நட்டு தளர்ந்திருக்கும்.